கத்தக்குறிச்சிக்கு ஒரு டிக்கெட்!

புதுக்கோட்டைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, குடுமியான்மலை... அவ்வளவுதானே? அடுத்த முறை ஃப்ரெண்ட்ஸோட டூர் கிளம்பினா, லிஸ்ட்ல இன்னொரு பேரையும் சேர்த்துக்குங்க. கத்தக்குறிச்சி!

டிக்கெட் கவுன்ட்டர், கைடு எல்லாம் அங்கே தேடாதீங்க. செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த குடும்பத்தின் மகள் சாந்தி சௌந்தரராஜன் பிறந்து வளர்ந்த ஊர் அது.

2006 டிசம்பர்... தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்தார் சாந்தி. வெள்ளி! அந்த சந்தோஷம் சில நாள்தான். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி பதக்கத்தைப் பறிச்சுட்டாங்க. பெண்ணாகவே வளர்ந்தவருக்கு, ஊர் உலகமே பார்க்க அந்த அவமானம்.

நாமளா இருந்தா ஷூவைக் கழற்றி எறிஞ்சிருப்போம். சாந்தி என்ன செஞ்சார் தெரியுமா? தமிழக அரசு கொடுத்த 15 லட்ச ரூபாய் பரிசுப் பணம் இருந்தது. அதை வெச்சு, சொந்த மாவட்டத்துப் பசங்களுக்கே ஓடக் கத்துக்கொடுக்க ஆரம்பிச்சார். 2009-ல் அவரிடம் பயிற்சி எடுத்தவங்க 68 பேர். சென்னை மாரத்தானில் முதல் இடமும் மூன்றாம் இடமும் அவருடைய மாணவர்களுக்குத்தான்!

சினிமாவா இருந்தா இங்கே 'சுபம்' போட்டிருப்பாங்க. ஆனா, பணக் கஷ்டம் துரத்தியது. 2012-ல் கோச் சாந்தி செங்கல் சூளை வேலைக்கே திரும்பினார். ஒரு நாள் கூலி 200 ரூபாய். பேப்பர்களில் செய்தி வந்து பரபரப்பான பிறகுதான் பலருக்கும் அவர் ஞாபகமே வந்தது. பெங்களூரில் முறைப்படி கோச்சிங் டிப்ளமா படிச்சு முடிச்சார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர பயிற்சியாளர் வேலை கிடைச்சது. திரும்பவும் மைதானம், திரும்பவும் பசங்க!

தனக்கு மறுக்கப்பட்ட டிராக்கில் மத்தவங்களை ஓட வைக்க எவ்வளவு பெரிய மனசு வேணும், யோசிச்சுப் பாருங்க.

உங்க காலேஜ் கிரவுண்டிலும் காலங்காத்தால விசில் ஊதிக்கிட்டு ஒருத்தர் நிப்பார். 'தூங்க விடாம உயிரை வாங்குறாரே'ன்னு திட்டியிருப்பீங்க. ஒரு நாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, 'நீங்க ஓடின காலத்தில் என்ன நடந்துச்சு?'ன்னு கேட்டுப் பாருங்களேன். கத்தக்குறிச்சி வரைக்கும் போக முடியாதவங்க, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்!