அரை அரிசி அளவு எலும்பு

மனித உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு காதுக்குள் இருக்கிறது. பெயர் அங்கவடி. குதிரை ஏறுபவர் கால் வைக்கும் வளையம் மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். உயரம் சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது அரை அரிசி! செவிப்பறையில் மோதும் அதிர்வை உள்காதுக்குத் தள்ளிவிடுவதுதான் இதன் வேலை.

சிலருக்கு இந்த எலும்பைச் சுற்றிப் புதிதாக எலும்பு வளர்ந்து, அசைய விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த நோய்க்கு ஓட்டோஸ்கிளரோசிஸ் என்று பெயர். செவிப்பறை நன்றாக இருக்கும், நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் காது மந்தம். அதிரும் இசைக்கவையைக் காதருகே பிடித்தால் சரியாகக் கேட்காது. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் நன்றாகக் கேட்கும். கோளாறு ஒலி போகும் வழியில்தான் என்று டாக்டர் புரிந்துகொள்வது இப்படித்தான்.

வழிதானே அடைத்திருக்கிறது, திறந்துவிட்டால் என்ன? 1870களிலேயே கெஸ்ஸல் என்ற மருத்துவர் முயன்று பார்த்தார். அந்த எலும்பை அசைத்தார், எடுத்தும் பார்த்தார். ஆனால் 1900 வாக்கில் ஐரோப்பாவின் பெரிய காது மருத்துவர்கள் இது ஆபத்து, பயனில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். காதில் சீழ் பிடித்தால் மூளை வரை போய்விடும். அப்புறம் அரை நூற்றாண்டு அந்த எலும்பை அநேகமாக யாரும் தொடவில்லை. 1938-ல் நியூயார்க்கில் லெம்பெர்ட் கூட அதை விட்டுவிட்டு, உள்காதில் வேறொரு இடத்தில் ஜன்னல் திறந்தார்.

1952-ல் சாமுவேல் ரோசன் அதே ஜன்னல் ஆபரேஷனுக்குத் தயாரானபோது, எலும்பு நிஜமாகவே இறுகியிருக்கிறதா என்று கருவியால் தொட்டுப் பார்த்தார். எலும்பு அசைந்தது. மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு விழித்திருந்த நோயாளி, காது கேட்கிறது என்றார்! ஆனால் அசைத்துவிட்ட எலும்பு பலருக்கு மறுபடியும் இறுகியது. 1956 மே மாதம் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே அதை எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பே வைத்தார். கெஸ்ஸலின் யோசனைதான். இடையில் வந்தவை ஆன்டிபயாடிக்கும் அறுவை மைக்ரோஸ்கோப்பும்.

இன்று பெரும்பாலும் முழு எலும்பையும் எடுப்பதில்லை. அடித்தட்டில் நுண்ணிய துளை போட்டு, குட்டி பிஸ்டன் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல பலன். ஆனால் சுமார் நூற்றில் ஒருவருக்கு, இருந்த கேள்வியும் அந்தக் காதில் அடியோடு போய்விடலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் தலைசுற்றல், நாக்கில் ருசி மாற்றம். அதனால்தான் இரண்டு காதையும் ஒரே நாளில் தொடுவதில்லை. மோசமான காதுதான் முதலில்.

ஆபரேஷன் வேண்டாம் என்பவருக்குக் காது மெஷின் இருக்கிறது, இந்த வகை மந்தத்துக்கு அது நன்றாகவே உதவும். நூற்றில் ஒன்று என்பது டாக்டருக்குக் கணக்கு, படுத்திருப்பவருக்கு அது அவருடைய காது. ஆகவே அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் கையெழுத்துப் போட வேண்டும்.