மூன்று வினாடிக்கு ஓர் உரை

நிரல் எழுதுவதை இலக்கியத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு எப்போதுமே சற்றுக் கூச்சம்தான். பகலில் கணினிக்கு எழுதிப் பிழைத்து, இரவில் சிற்றிதழ் வாசிக்கும் நாங்கள் மூவரும் இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்தே பழகியவர்கள். அவ்விரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியது ஒரு பால் சேகரிப்பு நிலையத்துத் தராசு.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நிலையங்களில் இயங்கிவந்த ஒரு பழைய மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. தராசிலிருந்து எடையையும் மற்றொரு கருவியிலிருந்து கொழுப்பின் அளவையும் பெற்று, பால் ஊற்றியவருக்குச் சேரவேண்டிய தொகையைக் கணக்கிட்டுச் சீட்டு அச்சிடுவது அதன் வேலை. சி பிளஸ் பிளஸ் மொழியில் அதை எழுதியவர் எங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். கையேடு உண்டா என்று கேட்டோம். "நிரலே இருக்கிறதே, அதைவிடக் கையேடு என்ன வேண்டும்?" என்றார்கள்.

அப்போதுதான் டாக்ஸிஜனை நாடினோம். நெதர்லாந்தைச் சேர்ந்த டிமிட்ரி வான் ஹீஷ் உருவாக்கி 1997இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. நிரலுக்கு இடையே மனிதர்களுக்காக எழுதப்படும் குறிப்புகளைக் கம்பைலர் கண்டுகொள்வதில்லை. அதைப் பொறுத்தவரை அவை வெற்றிடம். கணினி கழித்துப்போடும் அந்த வரிகளைத்தான் டாக்ஸிஜன் பொறுக்கி எடுக்கிறது. ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் இட்டுத் தொடங்கும் குறிப்பைக் கண்டால், அதை அடுத்து வரும் செயற்கூறோடு சேர்த்து, பெயர், உள்ளீடு, வெளியீடு என்று வகுத்து, இணையப் பக்கங்களாகவோ அச்சுக்குரிய நூலாகவோ கோத்துத் தந்துவிடும். கிராஃப்விஸ் என்னும் இன்னொரு கருவியின் துணையோடு, எந்தச் செயற்கூறு எதை அழைக்கிறது என்று வம்சாவளிப் படம்போல வரைந்தும் காட்டும்.

எங்கள் நிரலிலோ குறிப்புகள் அரிதிலும் அரிது. முதல்முறை இயக்கியபோது, இதற்கு விளக்கமில்லை, அதற்கு விளக்கமில்லை என்று எச்சரிக்கைகள் திரையில் வரிசைகட்டி நின்றன. அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்றொரு தேர்வு உண்டு. அதற்கு 'ஆம்' என்று விடையளித்தால், விளக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் பட்டியலில் ஏறிவிடும். விளக்கமின்மை குறித்த எச்சரிக்கைகளும் அடங்கிவிடும். 'ஆம்' என்றோம். சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அட்டவணை, அகரவரிசை, அம்புக்குறிப் படங்கள். மேலதிகாரி மகிழ்ந்தார். நாங்களும் மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எடையை வாசிக்கும் செயற்கூற்றுக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. பெயர் இருந்தது, ஓர் எண்ணைத் திருப்பித் தரும் என்றிருந்தது. நிரலுக்குள் போய்ப் பார்த்தபோது, எடையை வாசிக்குமுன் மூன்று வினாடி சும்மா காத்திருக்கும்படி ஒரு வரி இருந்தது. காரணம் எழுதப்படவில்லை. காலையில் நீளும் வரிசையைக் குறைக்கும்படி எங்களைக் கேட்டிருந்தார்கள். எங்களில் ஒருவர் அந்த வரியை நீக்கினார். மற்ற இருவரும் சரிபார்த்து ஒப்புதல் தந்தோம். ஆகவே பிழை மூவருக்கும் உரியது.

மறுநாள் காலை ஒரு நிலையத்தில் வயதான அம்மாள் ஒருவர் சீட்டை வாங்க மறுத்தார். தினமும் அதே தூக்கில், அதே கோடு மட்டும் பால் கொண்டுவருபவர். "எம் மாடு நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரே அளவுதான் கறந்துச்சு. உங்க பொட்டிதான் மாறிப்போச்சு" என்றாராம். அவர் சொன்னதே உண்மை. ஊற்றிய பால் பாத்திரத்துக்குள் அலைந்து அடங்கச் சற்று நேரம் பிடிக்கிறது. அதுவரை தராசின் எண் நிலைகொள்ளாமல் ஆடும். அந்த ஆட்டம் ஓயத்தான் மூன்று வினாடி. இரண்டு வேளைக்குள் வரியை மீண்டும் சேர்த்துவிட்டோம். குறைந்த தொகையும் ஈடுசெய்யப்பட்டது. ஆனாலும் பல வாரம்வரை அந்த அம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே வாங்கினார் என்று நிலையத்து ஊழியர் சொன்னார்.

பதவுரைக்கும் விளக்கவுரைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இதழ்களின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சொல்லுக்குப் பொருள் தருவது ஒன்று. அந்தச் சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுவது மற்றொன்று. டாக்ஸிஜன் எங்களுக்குத் தந்தது பதவுரை. அதைக் குறைசொல்ல வழியில்லை. எழுதப்படாததை அது எங்கிருந்து எடுக்கும்? உள்ளீட்டின் பெயரைக் குறிப்பில் தவறாக எழுதினால்கூட அது எச்சரிக்கும். காரணத்தைத் தவறாக எழுதினால் அதற்குத் தெரியாது. அந்தப் பொய்யையும் அழகாகவே அடுக்கித் தரும்.

டொனால்ட் குனூத் 1984இல் இலக்கிய நிரலாக்கம் என்றொரு வழியை முன்வைத்தார். கணினிக்கு ஆணையிடுவதாக எண்ணாமல், கணினி என்ன செய்யவேண்டும் என்பதை மனிதருக்கு விளக்குவதாக எண்ணி எழுதவேண்டும் என்பது அதன் சாரம். ஒரே மூலத்திலிருந்து கணினிக்கான நிரலும் மனிதருக்கான நூலும் பிறக்கும். அவ்வாறு எழுதப்பட்ட தம் டெக் நிரலை 1986இல் நூலாகவே அச்சிட்டார். அந்தத் தவம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நிரலின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எங்களைப் போன்ற சாமானியர்களோடு செய்துகொண்ட சமரசம்தான் டாக்ஸிஜன் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டு வரியைத்தான் நாங்கள் எழுதாமல் விட்டிருந்தோம்.

'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்பதற்கு இப்போது 'இல்லை' என்று மாற்றிவிட்டோம். எச்சரிக்கைகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறோம். முதலில் எழுதிய குறிப்பு இது: "பால் அலையடங்க மூன்று வினாடி தேவை. இதை நீக்கினால் ஊற்றுபவருக்குக் கூலி குறையும்." கம்பைலர் இதை இன்றும் கண்டுகொள்வதில்லை. எங்களுக்குப் பின் வருபவர், நாங்கள் தொலைபேசி எண் இல்லாமல் போன பிறகும், வாசிப்பார்.