டயகமவில் கொயில் சுற்றுகிறவர்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி ஏறினால் டயகம. அங்கே ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, ஒட்டிய வேலையறையில் எரிந்துபோன கொயில் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார் ஓர் அண்ணன். கொழுந்து வாட்டும் விசிறியின் ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றியது. பௌதிகம் படிப்பிக்கும் நான் கரும்பலகையில் வரையும் வரிச்சுருள்தான் அது. நடுவில் தகடு அடுக்கிய இரும்பு அகணி. மின்னோட்டம் பாய்ந்ததும் அகணியின் மறுபாதி இழுபடும், தொடுமுனைகள் சேரும், விசிறி சுழலும். இழுக்காவிட்டால் தட்டில் பரப்பிய கொழுந்து கெட்டுப்போகும்.

பழைய கம்பியை அவிழ்க்கும்போதே சுற்றுகளை எண்ணிக்கொள்கிறார். தடிப்பை மைக்ரோமீட்டரில் அளக்கிறார். பிறகு அதே தடிப்பில் எனாமல் செப்புக்கம்பியைக் கைமெஷினில் நெருக்கிச் சுற்றுகிறார். அந்த நேரத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. எண்ணிக்கை முடிந்ததும் வார்னிஷில் தோய்த்துக் காயவைக்கிறார்.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 1820இல் மின்னோட்டத்தின் அருகே காந்த ஊசி திரும்புவதைப் பௌதிகவியலாளர் ஊர்ஸ்டெட் அறிவித்தார். அதே ஆண்டில் அம்பியர் ஆய்வில் இறங்கினார். அம்பியர் பெயரால் நாம் படிக்கும் விதி சொல்வது இதுதான்: ஒரு மூடிய பாதை நெடுகக் காந்தப்புலத்தைக் கூட்டினால், வரும் தொகை அந்தப் பாதையை ஊடறுக்கும் மொத்த மின்னோட்டத்துக்கு விகிதசமம். நீண்டு நெருக்கமாகச் சுற்றிய சுருளில் ஒரு செவ்வகப் பாதையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் உள்ளே, எதிர்ப்பக்கம் வெளியே. வெளியே புலம் ஏறக்குறைய இல்லை. குறுக்குப் பக்கங்களுக்குப் புலம் செங்குத்து. உள்பக்கம் மட்டுமே கணக்கில் நிற்கும். நீளம் அடிபட்டுப்போக, மிஞ்சுவது மீற்றருக்கு எத்தனை சுற்று, எத்தனை அம்பியர் என்பதுதான். சுருளின் விட்டம் வரவே வராது. மீற்றருக்கு 1000 சுற்று, 2 அம்பியர் என்றால் ஏறத்தாழ 2.5 மில்லிதெசுலா, இலங்கையில் புவியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 60 மடங்கு. இரும்பு அகணி நுழைந்தால் இன்னும் பன்மடங்கு ஏறும்.

"அப்ப சுத்து கொறைஞ்சா இழுவை கொறையுந்தானே அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். நல்லாத்தான் இழுக்கும். ஆனா சூடேறிக் கருகிரும்."

சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவன் இங்கே தடுமாறுவான். அண்ணன் சொன்னதுதான் சரி. சூத்திரம் மின்னோட்டத்தைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பேசுகிறது. ஸ்டோரில் மாறாமல் இருப்பதோ 230 வோல்ற்று ஆடலோட்ட அழுத்தம். ஆடலோட்டத்தில் கொயிலின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதன் தூண்டுதிறன். சுற்றைப் பாதியாக்கினால் அது கால்பங்காகும். மின்னோட்டம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். பாதிச் சுற்றும் நான்கு மடங்கு ஓட்டமும் சேர்ந்தால், இரும்பு தெவிட்டாதவரை, புலம் இரட்டிக்கும். அந்த ஓட்டத்தின் வெப்பத்தை மெல்லிய எனாமல் பூச்சு தாங்காது. அம்பியரின் விதி எங்கும் பொய்க்கவில்லை. எதை நிலையாகப் பிடித்துக்கொள்கிறோம் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்த வேலையறை தெளிவாகச் சொல்கிறது.

இந்தக் கொயில் எரிந்ததற்குக் காரணம் சுற்று அல்ல, தேயிலைப் பஞ்சு. கொழுந்தின் மெல்லிய மயிரும் தூளும் அகணி முகங்களில் படிந்து அவற்றை முழுதாய் மூடவிடவில்லை. மயிரிழை அளவு காற்றிடைவெளியைக் கடக்கவும் இரும்பின் நெடும்பாதையைவிட அதிக அம்பியர்-சுற்று வேண்டியிருக்கும். அதுவும் இதே விதிதான். அதனால் ஓட்டம் ஏறிக் கொயில் கருகியது. புதிதாய்ச் சுற்றியதை மாட்டுமுன் அண்ணன் முகங்களைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தார். ஆளியைப் போட்டதும் காதைக் கொடுத்தார். உறுமினால் மறுபடி கழற்றியிருப்பார்.

பழைய பாஸ் ஒருவரின் பக்கத்தில் நின்று பழகிய வேலை. சான்றிதழ் எதுவும் இல்லை. அவர் அறிவை அறிவு என்று சொல்ல நமக்கு ஒரு தாள் தேவைப்படக் கூடாது.

மலையகத்தின் பௌதிக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரிச்சுருள் பாடம் வரும்போது எரிந்த கொயில் ஒன்றைக் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் அதைச் சுற்றுகிறவரையே அழைத்து, அன்றைய நாட்கூலியைக் கொடுத்து, பிள்ளைகள் முன் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.