கோட்டை வாசலும் வீட்டு மருமகளும்

பெங்களூருக்குக் குடிவந்த நம்மவர் பலரும் லால்பாக்கையும் விதான சௌதாவையும் கண்டு களித்திருப்பர். கோரமங்கலா ஆறாம் பிளாக்கில் உள்ள சிறு பூங்காவினுள் நுழைந்தவர் சிலரே. லட்சுமம்மா என்னும் பெண்ணின் சமாதி ஆங்குள்ளது. அண்மைக் காலத்தில் மார்பளவுச் சிலையொன்றும் வைத்துள்ளனர்.

1537ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் இந்நகருக்கு மண்கோட்டை எழுப்பினார் என்பது வரலாறு. அதன் வாசலொன்று கட்டக் கட்டச் சரிந்தது என்பது கதை. நரபலியின்றி நில்லாது என்றனர், கௌடர் இசையவில்லை. கருவுற்றிருந்த அவருடைய மருமகள் நள்ளிரவில் தனியே சென்று, வாளால் தன் தலையைத் தானே அரிந்துகொண்டாள். வாசல் நின்றது. மாமனார் அவள் நினைவாகக் கோயில் எடுப்பித்தார்.

இது நடந்ததா என ஆராய்வதினும், இதைச் சொல்லிவந்த சமூகம் எத்தகையது என நோக்குவதே பயனுடைத்து. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை என்பதில் கதை மிகவும் கவனமாயிருக்கிறது. சொல்லாமலே போக வேண்டியவள் யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

'கெரெகெ ஹார' என்னும் கன்னட நாட்டுப்பாடல் இவ்வாறு மூடி மறைப்பதில்லை. ஊர்க் கௌடர் வெட்டிய ஏரியில் நீர் ஊறவில்லை. மருமகளைப் பலியிடச் சோதிடம் கூறுகிறது. மூத்தவள் போனால் வீட்டுப் பொறுப்புக்கு ஆளில்லையாம். ஆகவே இளையவள் பாகீரதி. தாய்வீட்டுக்கு ஓடியவளால் பெற்றோரிடம் உண்மையைக் கூற இயலவில்லை. தோழியிடம் கூறுகிறாள், அவளோ, வைத்தபடி இருக்கவேண்டும் என்றே தேற்றுகிறாள். பூசை முடிந்தபின், மறந்து விட்டுவந்த பொற்கிண்ணத்தை எடுக்கப் பாகீரதி திரும்பிச் செல்கிறாள். அவள் படியேற ஏற நீரும் ஏறுகிறது.

செர்பிய நாட்டு ஸ்கதார் கோட்டைப் பாடலிலும் சுவருக்குள் வைக்கப்படுபவள், மூன்று சகோதரருள் இளையவனின் மனைவியே. மகளைக் கொடுக்க மனம் வராது. மகனைக் கொடுத்தால் குலம் அறும். வேறு வீட்டிலிருந்து வந்தவள்தான் மிச்சம்.

நாம் பெருமை பேசவும் இடமில்லை. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளுடன் கிணற்றில் மாண்ட பழியை அண்ணி மூளி அலங்காரியின் தலையில் ஏற்றி, அண்ணனை நல்லவனாக வைத்திருக்கிறோம். பெண்மக்களுக்கு இக்கதைகளைப் பொறுமைக்குப் பாடமாகச் சொல்லும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் உள. சொல்லட்டும், அவ்வீட்டு ஆடவர் அப்போது எங்கிருந்தனர் என்று குழந்தை கேட்டால் அதட்டாதிருக்கட்டும்.

பாகீரதியின் கணவன் போர்ப்பணியிலிருந்து திரும்பி, செய்தியறிந்து, அதே ஏரியில் வீழ்ந்தான் என்று பாடல் முடிகிறது. லட்சுமம்மாவின் கணவன் என்ன செய்தான் என்பதை, நான் கேட்ட வரையில், கோட்டைக் கதை சொல்லவில்லை.