மடக்குக் கத்தியும் ஒற்றைக் கையும்

லாக்பேக் மடக்குக் கத்தியில் பூட்டு கைப்பிடியின் முதுகில் இருக்கிறது. நடுவில் உள்ள ஓர் ஆணியை மையமாகக் கொண்டு சீசா பலகைபோல் ஏறி இறங்கும் எஃகுப் பட்டை அது. முன்முனையில் கொக்கி இருக்கும். பின்முனையை அடியிலிருந்து ஒரு ஸ்ப்ரிங் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அலகின் அடிப்பகுதியில் இந்தக் கொக்கிக்கென்று ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் கொக்கி காடிக்குள் விழும், ‘டக்’ என்று சத்தம் கேட்கும். பட்டையின் பின்முனையை அழுத்தினால் கொக்கி எழும்பி அலகை விட்டுவிடும்.

ஒரு கையால் திறப்பதில் உள்ள சிரமமும் இதே ஸ்ப்ரிங்கினால்தான் வருகிறது. மூடிய நிலையில் அது அலகை உள்ளேயே பிடித்து வைக்கிறது. திறக்கும் வழியெல்லாம் கொக்கி அலகின் உருண்ட அடிப்பகுதியை உரசிக்கொண்டே வருகிறது. கைப்பிடியின் உட்புறப் பக்கத் தகட்டால் பூட்டும் லைனர் லாக் வகையில் இந்த உரசல் குறைவு. லாக்பேக்கைப் பரவலாக்கியது 1964இல் வெளிவந்த அமெரிக்காவின் பக் 110. அதன் அலகு 3¾ அங்குலம். திறக்க நகம் நுழையும் பள்ளம் மட்டுமே இருந்ததால் இரண்டு கைகளும் தேவைப்பட்டன. 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் ‘வொர்க்கர்’ என்ற கத்தியின் அலகில் கட்டைவிரலுக்காக ஒரு வட்டத் துளையும், கைப்பிடியில் பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப்பும் வைத்தது. உழைப்பவர் கையில் ஒற்றைக் கைத் திறப்பு வழக்கமானது அதன்பிறகுதான். துளைக்குப் பதிலாகக் குமிழ் வைத்தவையும் இன்று ஏராளம்.

பக் 110 வந்த அதே 1964இல்தான் சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவானது. அதற்கு முன்பே 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே வந்திருந்தது; ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது; பாடியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. இவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்க வளர்ந்த பிரஸ் ஷாப், டூல் ரூம், ஸ்ப்ரிங் பட்டறை, ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் தொழிற்பேட்டையின் தெருக்களில் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே அதிகம் காணப்படுவது மடக்குக் கத்தியன்று, நுனி உடைத்துப் பயன்படுத்தும் கட்டர்தான். அட்டைப்பெட்டிக்கும் டேப்புக்கும் அது போதும். தடித்த கேபிளின் உறை, ரப்பர் ஹோஸ், பழைய பெல்ட் என்று வரும்போது கட்டரின் மெல்லிய பிளேடு பக்கவாட்டில் வளைந்து ஒடிகிறது. ஏணியில் நின்று ஒரு கையால் கேபிளைப் பிடித்திருக்கும் எலெக்ட்ரீசியனுக்கும், பூந்தமல்லி சாலைக் கிடங்குகளில் சரியும் மூட்டையைத் தோளால் தாங்கிக்கொண்டு கட்டு அறுப்பவருக்கும் பூட்டுள்ள கத்தி தேவைப்படுகிறது. அவர்களுக்கு மிஞ்சுவது ஒரு கைதான்.

கத்தி செய்வதற்குப் பேர்பெற்ற இந்திய ஊர் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். பொத்தான் அழுத்தி விடுவிக்கும் ராம்பூரி கத்தி அங்கே கைவேலையாகவே வளர்ந்தது. 1990களில் அரசு அலகின் நீளத்துக்குக் கட்டுப்பாடு விதித்ததும் தொழில் சுருங்கியது. அம்பத்தூருக்கு அப்படியொரு கத்தி மரபு கிடையாது. ஆனால் லாக்பேக்குக்கு வேண்டிய கைத்திறன் ஒவ்வொன்றும் இங்கே இருக்கிறது. பிரஸ் டூலுக்கு டை செய்யும் ஃபிட்டரின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும்.

இரண்டு உலோக முகங்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று அறிய, ஃபிட்டர் ஒன்றின் மேல் மார்க்கிங் ப்ளூவை மெல்லியதாகப் பூசி மற்றொன்றோடு சேர்த்து எடுக்கிறார். நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் ராவுகிறார். மறுபடி பூச்சு, மறுபடி பொருத்தம், மறுபடி அரம். முகம் முழுவதும் நீலம் சீராகப் படியும்வரை இது நிற்பதில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் படிப்பின் தொடக்கத்தில் மாணவர்கள் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து மாதக்கணக்கில் அரம் போடுவது இந்தப் பொறுமைக்காகத்தான். லாக்பேக்கின் கொக்கியும் காடியும் கேட்பது இதே பொருத்தத்தைத்தான். காடியின் சுவர் சற்றே சரிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் தேய்மானம் ஏற்பட்டாலும் கொக்கி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கி இறுகிக்கொள்ளும். சரிவு கூடினால் அழுத்தத்தில் கொக்கி நழுவும். குறைந்தால் சிறு தேய்மானத்திலேயே அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும்.

எஃகும் அப்படியே. டைக்குப் பயன்படும் டி2, ஓ.எச்.என்.எஸ். இரண்டுமே நல்ல கத்தி அலகாகக் கூடியவை. ஓ.எச்.என்.எஸ். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் காய்ச்சி எண்ணெயில் தணிக்கப்படுகிறது. டி2வுக்கு 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும். பிறகு டெம்பரிங் செய்து 58 முதல் 60 ராக்வெல் கடினத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பூட்டுப் பட்டையும் ஸ்ப்ரிங்கும் அவ்வளவு கடினமாக இருக்கக் கூடாது. இருந்தால் வளைவதற்குப் பதில் முறியும்.

இனித் திறக்கும் முறை. மூடிய கத்தியின் முதுகு உள்ளங்கைப் பக்கமும், அலகு மடங்கிக் கிடக்கும் பிளவு விரல்களின் பக்கமும் இருக்க வேண்டும். நான்கு விரல்களும் கைப்பிடியின் பக்கச் சுவரை மட்டுமே பிடிக்கலாம். நுனிவிரல்கள் பிளவில் தெரியும் அலகின் முதுகை அழுத்தினால் கட்டைவிரல் எவ்வளவு தள்ளினாலும் அலகு அசையாது. புதிதாகப் பழகுபவர்கள் கத்தியைக் குறைசொல்வது பெரும்பாலும் இதனால்தான். துளையிலோ குமிழிலோ வைத்த கட்டைவிரலை நேர்மேலாகத் தள்ளாமல், முதலில் வெளிப்புறமாகவும் பிறகு வில்போல் வளைத்தும் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் உரசல் இருக்கும். அங்கே நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளினால் கொக்கி தானாக விழும். அந்த வேளையில் உள்ளங்கை பட்டையின் பின்முனையை அழுத்திக்கொண்டிருந்தால் பூட்டு விழாது. பூட்டு பக்கவாட்டில் இல்லாமல் முதுகில் இருப்பதால் இடக்கைக்காரருக்கும் இதே முறைதான். லைனர் லாக்கில் இந்த வசதி இல்லை.

துளையோ குமிழோ இல்லாத பழைய கத்தியைச் சிலர் அலகைக் கிள்ளிப் பிடித்துக் கைப்பிடியைக் கீழே உதறித் திறக்கிறார்கள். இன்னும் சிலர் மணிக்கட்டைச் சொடுக்குகிறார்கள். பார்க்க வேகமாகத் தெரியும். ஒவ்வொரு சொடுக்கிலும் அலகு பூட்டில் மோதுகிறது, ரிவெட் தளர்கிறது. எண்ணெய்க் கையோடு இப்படி உதறுவது பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. பட்டறையில் இதை அனுமதிக்கவே கூடாது.

மூடுவது வேறு கதை. திறக்கும்போது விரல்களைக் கடந்து போவது அலகின் முதுகு. மூடும்போது விரல்களை நோக்கி வருவது கூர். பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தியபடி அலகைத் தொடையில் தட்டி மூடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அலகின் கூரில்லாத அடிப்பகுதி முதலில் ஆள்காட்டி விரலில் வந்து தங்கும்படி வடிவமைத்த கத்தியில் மட்டுமே ஒரு கையால் மூட இடமுண்டு. மற்ற எல்லாவற்றையும் இரண்டு கைகளால்தான் மூட வேண்டும். மூடும் நேரத்தில் ஏணியோ மூட்டையோ குறுக்கிடுவதில்லை. அவசரத்துக்குக் காரணமே இல்லை.

காடிக்குள் சேரும் இரும்புப் பிசிறும் நூல் தும்பும் கொக்கியை முழுதாக இறங்கவிடாது. சத்தம் கேட்டாலும் பூட்டு பாதியில் நிற்கும், அழுத்தினால் கத்தி விரலின் மேல் மடங்கும். எனவே திறந்ததும் முதுகைப் பார்க்க வேண்டும்: பட்டை கைப்பிடியோடு சமமாக இருந்தால் பூட்டு உட்கார்ந்துவிட்டது. ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வேலைக்கான லாக்பேக் இந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனாலும் வேலை முடிந்ததும் அதன் இடம் டூல் பாக்ஸ்தான். தொழிற்சாலை ஸ்டோருக்குக் கத்தி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து ஆர்டர் போட வேண்டாம். வந்த ஒவ்வொன்றையும் ஒரு ஃபிட்டரிடம் கொடுத்துத் திறந்து, பூட்டி, அலகின் முதுகில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் கத்தியைத் தொழிலாளி கைக்குப் போகுமுன் திருப்பி அனுப்புங்கள்.