அச்சுக்கு முந்தைய வாசகர்

சென்னையில் 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் ‘க்ரியா’ பதிப்பகத்தைத் தொடங்கியபோது, தமிழில் பெரும்பாலான கைப்பிரதிகள் நேரே அச்சுக்கோப்பவரிடம்தான் போயின. மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றையும் சந்தியையும் கவனிப்பார். ‘இந்த அத்தியாயம் இழுக்கிறது’ என்று எழுத்தாளரிடம் சொல்ல ஆள் இல்லை. நூலக ஆணை கிடைத்தால் போட்ட முதல் திரும்பிவிடும். அதற்குமேல் யார் மெனக்கெடுவார்கள்?

‘கசடதபற’ சிற்றிதழ் வட்டத்திலிருந்து வந்த ராமகிருஷ்ணன் மெனக்கெட்டார். எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாக விவாதிப்பது அவர் வழக்கம். இதனால் க்ரியாவின் பட்டியல் நீளவில்லை. அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்பவர்களுக்கு நிறையப் பொறுமை வேண்டியிருந்தது. ஆனால் மௌனியின் கதைகளையும், 1981இல் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளையும் கையில் எடுத்தவர்களுக்குத் தாளும் எழுத்தும் அட்டையும்கூட வாசிப்பில் சேர்த்திதான் என்பது புரிந்தது.

மொழிபெயர்ப்பிலும் அதே பிடிவாதம். ஆங்கிலம் வழியாகவே உலக இலக்கியம் வந்துகொண்டிருந்த காலத்தில், காம்யுவின் ‘அந்நிய’னை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே கொண்டுவந்தார். அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து தந்த ‘குட்டி இளவரசன்’ இன்றும் பிறந்தநாள் பரிசாகக் கைமாறுகிறது. காஃப்காவின் ‘விசாரணை’ ஏ.வி. தனுஷ்கோடியால் ஜெர்மனிலிருந்து வந்தது. மறுபக்கம், ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்ற மருத்துவக் கையேடும் இதே பதிப்பகத்துடையதுதான். இலக்கியத்துக்குக் காட்டிய கண்டிப்பைக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு பற்றிய வாக்கியங்களுக்கும் காட்டியதை க்ரியாவின் பெரிய சாதனைகளில் ஒன்றாகச் சொல்லலாம்.

1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வேறொரு சோதனை. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் வாழ்க்கை அது. நுணுக்கமாகச் செம்மைப்படுத்தும் பதிப்பகம் பேச்சு வழக்கைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும் என்ற பயம் நியாயமானதே. நாவலில் அது நடக்கவில்லை. ஆரோக்கியத்தின் ஒப்பாரி அவள் குரலிலேயே கேட்கிறது. அதே இமையத்துக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த ‘செல்லாத பண’மும் க்ரியா வெளியீடுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அகராதி. பா.ரா. சுப்பிரமணியனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1992இல் வந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’, பழைய நிகண்டுகளைப் புரட்டிச் சொல் சேர்க்கவில்லை. இன்றைய எழுத்திலிருந்து திரட்டிய சொல்வங்கியைக் கணினியில் ஏற்றி, புழக்கத்தில் உள்ள பொருளை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தந்தது. 2008 பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளும் சேர்ந்தன. மூன்றாம் பதிப்பு 2020 நவம்பரில் வெளியானபோது ராமகிருஷ்ணன் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்தார்; அம்மாதம் 17ஆம் தேதி காலமானார்.

இன்று மூலமொழியிலிருந்து மொழிபெயர்ப்பதும் கவனமாக அட்டை வடிவமைப்பதும் பல பதிப்பகங்களுக்கு இயல்பாகிவிட்டன. கைப்பிரதியைத் திருத்தும் எடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள்தான் இன்னும் குறைவு.