கணைக்கால் கணக்கு

ஜனவரி 7

ஓட்டம் நின்று மூன்று நாள். இரண்டு கணைக்காலிலும் உள்ளோரமாக, கணுவுக்கு மேலே அரைச் சாண் நீளத்துக்கு, விரல் வைத்து அமுக்கினால் வலி. கிரவுண்டில் இதற்கு 'ஷின் பெயின்' என்று பெயர். மருத்துவர்கள் ஷின் ஸ்பிளிண்ட் என்பார்கள். வலி ஐந்து சென்டிமீட்டராவது பரவியிருந்தால் அதுதான். விரல்நுனி அளவு இடத்தில் அடங்கிக் குத்தினால் எலும்பில் விரிசலோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்தக் குறிப்பை எழுதத் தொடங்குவது வலிக்காக மட்டும் இல்லை. முழு ஓய்வு எடு என்று ஒரு பக்கமும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று இன்னொரு பக்கமும் யோசனை வருகிறது. இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க வழியில்லை. சான்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 8

எலும்பை நாம் காய்ந்த கட்டையைப் போல நினைத்துக்கொள்கிறோம்; குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஓடும்போது அடிக்கு அடி உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதைத் தாங்கிக் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. ஏறும் சுமைக்குத் தக்கபடி எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். ஆனால் திருத்திக் கட்டுவதற்கு முன் பழையதை இடிக்க வேண்டும். இடிக்கும் செல்கள் சில வாரத்தில் வேலையை முடித்துவிடுகின்றன. கட்டும் செல்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. நடுவில் உள்ள வாரங்களில் எலும்பு, ஓடத் தொடங்கும் முன்பு இருந்ததைவிடப் பலம் குறைந்திருக்கும். புதிதாக ஓட வந்தவருக்கு மூச்சும் தசையும் பழகிய பிறகு, இனி வேகத்தைக் கூட்டலாம் என்று தோன்றும் வாரத்தில் கால் வலிப்பது இதனால்தான். 2001-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நெடுநாள் வலியோடு இருந்த சில விளையாட்டு வீரர்களை அளந்தபோது, வலித்த இடத்தில் எலும்பின் அடர்த்தி மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருந்தது. குணமான பின் அளந்தார்கள், அடர்த்தி திரும்பியிருந்தது. நோகிறது எலும்பா, அதைப் போர்த்திய சவ்வா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எதுவானாலும் ஒன்று தெளிவு: தாங்கும் திறன் வளர்வதைவிட வேகமாகச் சுமை வளர்ந்திருக்கிறது.

ஜனவரி 11

வெந்நீரா ஐஸா என்று இன்னொரு சண்டை. இரண்டும் வலியைத் தணிக்கும். எலும்பைக் கட்டாது.

ஜனவரி 12

"ஓட ஓடச் சரியாகும்" என்பதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, முதல் சுற்றில் இருக்கும் வலி மூன்றாம் சுற்றில் காணாமல் போகிறது என்பது. அது உண்மையே. இந்த நோயின் தொடக்கநிலைக்கு அதுதான் அடையாளம். சூடேறிய காலில் வலி அடங்குகிறது, மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கும்போது திரும்பி வருகிறது. ஆகவே ஓடும்போது வலி இல்லை என்பதை நம்ப முடியாது. மறுநாள் காலையைத்தான் கேட்க வேண்டும்.

முழு ஓய்வின் பக்கம் இதைவிட வலுவான சான்று உண்டு. 1974-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் 2,777 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வந்தது. ஷின் ஸ்பிளிண்ட் வந்தவர்களை ஐந்து பிரிவாக்கிச் சிகிச்சை தந்தார்கள்: சிலருக்கு ஓய்வு மட்டும், மற்றவர்களுக்கு அதோடு ஐஸும் ஆஸ்பிரினும், வேறு மாத்திரை, குதிகால் தசைநாணை நீட்டும் பயிற்சி, மாவுக்கட்டு என்று ஏதோ ஒன்று. வெறும் ஓய்வை எதுவும் மிஞ்சவில்லை. அப்படியானால் படுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நான் அதை ஏற்க மாட்டேன். ஓய்வு வலியை நீக்குகிறது. சுமையைத் தாங்கக் கற்றுக்கொடுப்பதில்லை. வோல்ஃப் சொன்னது இரு பக்கமும் வெட்டும், சுமையே இல்லாத எலும்பு மெலியவும் செய்யும். ஆறு வாரம் படுத்து எழுந்து, விட்ட இடத்திலிருந்து பழைய வேகத்தில் தொடங்குகிறவர் முன்பு செய்த அதே தவறைச் செய்கிறார். இந்த வலி ஒரு முறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுவதில் வியப்பில்லை. சுமையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. பிறகு எலும்பின் வேகத்தில் ஏற்ற வேண்டும்.

எவ்வளவு காலம்? 2012-இல் நெதர்லாந்தில் 74 பேரை மூன்று குழுவாக்கிப் படிப்படியான ஓட்டத்துக்குத் திருப்பினார்கள். ஒரு குழுவுக்கு ஓட்டம் மட்டும், ஒன்றுக்குத் தசைப்பயிற்சியும் சேர்த்து, ஒன்றுக்கு இறுக்கிப் பிடிக்கும் காலுறை. பதினெட்டு நிமிடம் விடாமல் ஓடும் நிலைக்கு வர மூன்று குழுவுக்கும் சராசரியாக நூறு நாளுக்கு மேல் ஆயிற்று.

ஜனவரி 13

நூறு நாள்.

ஜனவரி 19

இந்த நூறு நாளை எங்கள் ஊரான சமயநல்லூரில் வைத்துப் பார்த்தால் வேறு பொருள் வருகிறது. இந்த வட்டாரத்தில் விடியலில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்கு ஓடவில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். இவை மனித சக்திக்கு மீறியவை இல்லை. ஆறேழு மாதம் பொறுமையாகப் பழகினால் ஆரோக்கியமான இருபது வயதுக்காரர் பலரும் எட்டிவிடலாம். ஆனால் எழுத்துத் தேர்வில் தேறுவோமா என்று தெரியாமல் ஓடிப் பழக யாருக்கும் மனம் வருவதில்லை. முடிவு வந்த பிறகு கிரவுண்டுக்கு வந்து, பிசிக்கல் தேதிக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடப் பார்க்கிறார்கள். நான்குவழிச் சாலை ஓரத்திலும் சிமெண்ட் ரோட்டிலும் ஓட்டம், மாலையில் மறுபடியும் ஓட்டம். எலும்பு தன்னை இடித்துக்கொண்டிருக்கும் வாரங்களும் அந்தத் தேதியும் ஒரே இடத்தில் வந்து மோதுகின்றன. ஷூ சரியில்லை, தரை சரியில்லை என்று காரணம் தேடுகிறோம். அவற்றுக்கும் பங்கு இருக்கலாம். பெரிய பங்கு நாட்காட்டியுடையது என்றே நினைக்கிறேன். ஓடிப் பழகிய ஆண்டுகள் குறைவாக உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த வலி அதிகம் வருகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கண்டது. காலை வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, எடை ஏறக் கூடாதென்று அரைச் சாப்பாட்டில் நிறுத்துகிற பெண் எதைக் கொண்டு எலும்பைக் கட்டுவாள் என்று யாராவது கேட்க வேண்டும்.

ஜனவரி 27

திண்டுக்கல் ரோட்டில் பழனி பாதயாத்திரைக் கூட்டம். நூறு கிலோமீட்டருக்கு மேல், பலர் வெறுங்காலோடு. இவர்கள் நடக்கவில்லையா, அந்தக் காலத்தில் செருப்பில்லாமல் ஓடவில்லையா என்பது அடிக்கடி வரும் மறுப்பு. இங்கிருந்து வெகுதூரம் இல்லாத சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர்; 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். இவையெல்லாம் என் வாதத்துக்கு எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது, இறங்கும் விசை உடல் எடையை ஒட்டியே நிற்கிறது. சிறு வயது முதல் வெறுங்காலில் திரிந்த எலும்புக்குப் பயிற்சி கிடைத்த காலம் ஆண்டுகள். பத்தாண்டு பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு எட்டு வாரத்தில் அந்தப் பலத்தைக் கேட்பது நியாயமா?

பிப்ரவரி 5

இன்று படித்தது மனத்தைச் சோர வைத்துவிட்டது. 2008-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓட வந்த ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 13 வாரத்தில் மெல்ல மெல்லக் கூடும் திட்டமும், மறுபாதிக்கு வழக்கமான 8 வாரத் திட்டமும் கொடுத்தார்கள். காயம் பட்டவர்கள் முதல் குழுவில் 20.8 சதவீதம், இரண்டாவதில் 20.3. முதல் குழு பின்பற்றிய, வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஓட்டத்தைக் கூட்டாதே என்ற புகழ்பெற்ற விதி காப்பாற்றவில்லை. இத்தனை நாள் எழுதியது எல்லாம் வீணா?

பிப்ரவரி 6

வீண் இல்லை, ஆனால் திருத்த வேண்டும். அங்கே இரண்டு குழுவுமே படிப்படியாகத்தான் ஏறின, ஒன்று சற்று வேகமாக. திடீரென்று ஏற்றிய மூன்றாவது குழு இல்லை. தவிர, தாளில் எழுதிய விகிதம் எல்லாருக்கும் ஒன்று, எலும்பு அப்படி இல்லை. ஒருவருக்குப் பத்து சதவீதம் குறைவு, இன்னொருவருக்கு மிகை. ஆகவே எண்ணை நம்பி ஏற்றுவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை அமுக்கிப் பார்த்து, வலி நேற்றைவிடக் கூடியிருந்தால் ஏற்றாமல் நிற்க வேண்டும். நன்றாக ஸ்டிரெட்ச் செய்தால் போதும் என்பவர்களுக்கும் இதே வகையில் பதில் உண்டு: 2000-இல் ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 புதுவீரர்களை வைத்துச் சோதித்ததில், பயிற்சிக்கு முன் தசையை நீட்டியது கால் காயங்களைக் குறைக்கவில்லை.

பிப்ரவரி 16

நிறுத்தாமல் குறைப்பது என்றால் நடைமுறையில் என்ன? மூச்சையும் இதயத்தையும் எலும்பிலிருந்து பிரித்துப் பழக்குவது. 1993-இல் வந்த ஓர் ஆய்வில் ஆறு வாரம் ஓடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், ஆழமான நீரில் தரை தொடாமல் ஓடியவர்கள் ஆகிய மூன்று குழுவுக்கும் இடையே இரண்டு மைல் ஓட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நீச்சல் குளத்துக்குப் பணம் ஏது என்பார்கள், சரியான கேள்வி. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் நிற்கிறது. நீந்தத் தெரிந்தவர்களுக்குத் தோப்புக் கிணறு இருக்கிறது. இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, கரையில் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, நீருக்குள் ஓடலாம். இதனோடு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்கி ஆடுசதையைப் பலப்படுத்தலாம். தேதி நெருங்கிவிட்டவருக்கு இது போதுமா என்று கேட்டால், சிலருக்குப் போதாது. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. தேர்வு அறிவிப்பிலேயே ஓட்டத்துக்கான ஆறு மாதப் பயிற்சி அட்டவணையையும் சேர்த்து அச்சிட்டால் எத்தனை கால்கள் தப்பும் என்று மட்டும் தோன்றுகிறது.

பிப்ரவரி 17

சைக்கிள், நாற்பது நிமிடம், பரவை வரை. வலி இல்லை.

மார்ச் 3

கண்மாய்க் கரை மண்ணில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து முறை. இடது கால் சுத்தமாக இருக்கிறது. வலது காலில் வலி அரைச் சாணிலிருந்து சுருங்கி ஒரு விரல் அகலத்துக்கு வந்திருக்கிறது. குணமாகும் வழியில் சுருங்கியதா, ஒரே இடத்தில் குவிந்ததா என்று தெரியவில்லை. தொடக்க வாரங்களில் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். நாளைக்கு ஓட்டம் இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும்.